ஒரு அந்தர் தீனும் இரண்டு சமன்பாடும்

இன்றைக்கு விடிய முட்டை 50. நேற்று 51. முந்தநாள் 50. கொட்டிலில் நிற்பது அறுபது கோழி, எல்லாம் சிவப்பு லேயர், முட்டைக்கென்றே வளர்க்கிற இனம். கடைத்தீன் போட்ட காலத்திலும் இந்த எண்ணிக்கைதான் வந்தது. நானே கலந்த தீனில் அதே எண்ணிக்கை மூன்று நாள் தொடர்ந்து வந்தால் எழுதுவது என்று இருந்தேன். வந்துவிட்டது. இதற்குப் போன காலம் நாலரை மாதம், கெட்டது ஒரு மூட்டை சோளம், பாதி மூட்டைத் தவிடு, எண்ணாமல் விட்ட உடைந்த முட்டைகள்.

2022 இல் தீன் விலை ஏறினபோது எங்கள் வன்னிப் பக்கத்தில் கோழி வளர்த்த ஆட்கள் கொத்துக் கொத்தாகக் கைவிட்டார்கள். அடுத்த வருடம் இலங்கைக்கு இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் அப்போது வெறும் எட்டு ஊர்க்கோழியோடு நின்றதால் தப்பினேன். பிறகு லேயர் வளர்க்கத் தொடங்கினதும் கணக்கு விளங்கியது. அறுபது கோழி ஒரு நாளைக்கு 6.9 கிலோ தின்னும். ஒரு அந்தர் மூட்டை, அதாவது 50 கிலோ, ஏழு நாள்தான். மூட்டை 8,900 ரூபா. கிழமைக்குக் கிழமை 8,900. அதனால் நாமே கலப்போம் என்று இறங்கினேன்.

முதல் மூட்டை முழுக்க மட்டுக்கட்டிச் செய்தது. சோளம் 40 கிலோ, சோயா 10 கிலோ. ஒட்டுசுட்டானில் ஒரு மில்லில் சோளத்தை உடைத்து, முற்றத்தில் படங்கு விரித்து, சவளால் புரட்டிக் கலந்தேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கோழியும் தின்றது. பத்து நாளில் முட்டை 51 இலிருந்து 46.

கால்நடை வைத்தியர் கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிசன். முட்டையிடும் கோழிக்குத் தீனில் புரதம் 17 வீதம் வேண்டும், சோளத்தில் 8.5 வீதம் இருக்கு, உங்கள் சோயா மூட்டையில் 45 என்று அச்சடித்திருக்கு, என்று சொல்லி ஒரு துண்டில் சதுரம் ஒன்று கீறினார். இடது மூலைகளில் 8.5, 45. நடுவில் 17. குறுக்கே கழித்தால் வலது மூலைகளில் 28, 8.5. "இருபத்தெட்டுப் பங்கு சோளம், எட்டரைப் பங்கு சோயா. சிப்பியும் மறக்காதையுங்கோ" என்றார். அதற்குப் பியர்சன் சதுரம் என்று பெயராம். 50 கிலோவுக்கு மாற்றினால் சோளம் 38.4, சோயா 11.6. சதுரத்தை அப்படியே கொப்பியில் கீறிக்கொண்டு வந்தேன். சிப்பி என்ற சொல்லை வரும் வழியில் எங்கேயோ விழுத்திவிட்டேன். கோழி பின்னேரம் வெளியில் மேயுதுதானே, கல்லும் சிப்பியும் தானாகப் பொறுக்கும் என்பது என் எண்ணம்.

ஆறாம் நாள் ஒரு முட்டையைக் கையில் எடுத்தேன், பெருவிரல் பட்ட இடம் உள்ளே போனது. உடையவில்லை. பழைய பிளாஸ்டிக் போத்தல் அமுங்குவது மாதிரி அமுங்கி அப்படியே நின்றது. மேலே தோல் மாதிரி ஏதோ, கீழே ஓடு என்று சொல்ல முடியாத ஒரு தாள். அன்றைக்கு மட்டும் ஒன்பது முட்டை அப்படி.

அவசரத்தில் செய்த பிழை அடுத்தது. முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து ஒரு சாக்குச் சிப்பி எடுப்பித்தேன். அதில் 5 கிலோ, டி.சி.பி. தூள் (கல்சியமும் பொஸ்பரசும் உள்ளது) 750 கிராம், உப்பு 150 கிராம், பிரிமிக்ஸ் (விற்றமின், கனியுப்புக் கலவை) 100 கிராம். மொத்தம் 6 கிலோ. ஏற்கெனவே கலந்து வைத்திருந்த 50 கிலோவுக்கு மேலே அப்படியே கொட்டிக் கிளறினேன். ஓடு திரும்பவும் இறுகியது. சந்தோசப்பட்டேன். ஆனால் முட்டை 44 க்கு இறங்கியது.

இந்த இடத்தில்தான் அக்காவின் மகள் உள்ளே வருகிறாள். பதினோராம் ஆண்டு, ஓ.எல். வருடம். நான் அந்த வகுப்பில் கொப்பியை மூடின வருடம் 2008. ஏன் என்று வன்னியில் ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எனக்குக் கணிதம் சதுரம் கீறுகிறதோடு நின்றுபோனது. ஏன் குறுக்கே கழிக்கிறது, கழித்தால் ஏன் சரி வருகிறது என்று தெரியாது. தெரியாததால், 6 கிலோ கூடினால் சதுரத்தில் எங்கே கை வைக்கிறது என்பதும் தெரியவில்லை.

"மாமா, இது ஒருங்கமை சமன்பாடு. சதுரத்தை விடுங்கோ" என்றாள். "தெரியாத சாமான் ரெண்டு. ஒண்டு எக்ஸ், மற்றது வை."

"எனக்கு எக்ஸ் வை எல்லாம் மாறிப்போகும் பிள்ளை. சோளத்துக்குச் சோ எண்டு போடு."

"சோயாவும் சோ தானே!"

கடைசியில் சோளத்துக்கு ள, சோயாவுக்கு ய என்று ஒத்துக்கொண்டோம். அவளுடைய ரீச்சர் பார்த்தால் என்ன சொல்லுவாவோ தெரியாது. ஆனால் எனக்கு அதற்குப் பிறகு ஒருநாளும் மாறவில்லை.

முதல் சமன்பாடு நிறைக்கு:

ள + ய = 50

இரண்டாவது புரதத்துக்கு. 50 கிலோவில் 17 வீதம் என்றால் 8.5 கிலோ:

0.085ள + 0.45ய = 8.5

இதை இப்படியே வைத்துக்கொண்டு நான் கல்குலேற்றரைத் தேடினேன். அவள் தடுத்துவிட்டாள். தெரியாதது எல்லாம் இடப்பக்கம், வெறும் எண் வலப்பக்கம், தசமம் ஒன்றும் நிற்கக்கூடாது, அதுதான் நியம வடிவம் என்றாள். ஆயிரத்தால் பெருக்கினால் 85ள + 450ய = 8500. எல்லாம் ஐந்தால் பிரியும். பிரித்தால்:

17ள + 90ய = 1700

இந்த வரியை இப்போது நித்திரையிலும் சொல்லுவேன். தசமத்தோடு கிடந்தபோது எந்த எண் எதைச் சொல்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. இப்படி எழுதினதும் ஒரு விசயம் உடனே தெரிந்தது. ய வை 0 ஆக்கினால் ள 100. அதாவது சோயா இல்லாமல் அந்தப் புரதத்தை எடுக்க 100 கிலோ சோளம் வேண்டும். ள வை 0 ஆக்கினால் ய கிட்டத்தட்ட 18.9. சோயா மட்டும் என்றால் 19 கிலோ போதும். வரைபுத் தாளில் இந்த இரண்டு புள்ளியையும் குத்தி அடிமட்டத்தால் இழுத்தால் ஒரு கோடு. ள + ய = 50 க்கு 50 இலும் 50 இலும் குத்தி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் சோளம் 38.4, சோயா 11.6. சதுரம் சொன்ன அதே விடை.

"அப்ப சதுரம் சரிதானே?" என்று கேட்டேன்.

"சரி. ஆனா மூட்டைக்குள்ள சோளமும் சோயாவும் மட்டுமோ கிடக்கு?"

6 கிலோ சிப்பியும் உப்பும் மருந்தும். அவற்றில் புரதம் கணக்கெடுக்க ஒன்றுமில்லை, இடத்தை மட்டும் பிடிக்கும். நான் மேலே கொட்டினதால் மூட்டை 56 கிலோ ஆனது, உள்ளே இருந்த புரதம் அதே 8.5 கிலோ. 8.5 ஐ 56 ஆல் பிரித்தால் 15.2 வீதம். மட்டுக்கட்டிக் கலந்த முதல் மூட்டையில்கூட 15.8 இருந்திருக்கு. கணக்குப் போட்டுக் கலந்தது, கணக்கில்லாமல் கலந்ததை விட மோசம்.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு எண். முதல் சமன்பாட்டின் வலப்பக்கம் 50 அல்ல, 44.

ள + ய = 44
17ள + 90ய = 1700

தாளில் அவள் புதுக் கோட்டைக் கீறினாள். பழைய கோட்டுக்குச் சமாந்தரமாக, கொஞ்சம் கீழே. புரதக் கோடு அசையவில்லை. வெட்டும் புள்ளி மட்டும் அந்தக் கோட்டில் மேல்நோக்கி வழுகிப் போனது: சோளம் குறைய, சோயா கூட. தீர்க்கிறது லேசு. மேல் வரியை 17 ஆல் பெருக்கினால் 17ள + 17ய = 748. கீழ் வரியிலிருந்து கழித்தால் 73ய = 952. ய = 13.04. ள = 30.96. தராசுக்கு அது 31 உம் 13 உம். போட்டுப் பார்த்தோம்: 17 தரம் 31 என்றால் 527, 90 தரம் 13 என்றால் 1170, கூட்டினால் 1697. மூன்று குறைவு கோழிக்குத் தெரியாது.

இனி தராசைப் பற்றி. என்னிடம் இருந்தது 50 கிலோ தொங்கு தராசு, நெல்லு நிறுக்க வாங்கினது. ஒரு கானில் பத்து லீற்றர் தண்ணீரை அளந்து ஊற்றித் தூக்கினேன், கானின் நிறையைக் கழித்த பிறகும் 10.4 காட்டியது. அப்படியென்றால் இவ்வளவு நாளும் 13 கிலோ சோயா என்று நான் நினைத்தது பன்னிரண்டரைதான். முள்ளைத் திருப்பி 0 இல் வைத்தாலும் பாரம் கூடக் கூடப் பிழையும் கூடுகிறது. கடைசியில் 40 கிலோ டிஜிற்றல் தராசு ஒன்று 6,500 ரூபாவுக்கு வாங்கினேன். உப்புக்கும் பிரிமிக்ஸுக்கும் வீட்டில் மாவு நிறுக்கிற சின்னத் தராசு. திரும்பத் தொடங்கினால் முதலாவதாக வாங்குவது தராசுதான், கோழி இரண்டாவது.

சிப்பி மில்லில் அரைபடாது. மில்காரர் சாக்கைக் கண்டதுமே கையெடுத்துக் கும்பிட்டார், அவருடைய சல்லடை போய்விடும். முதல் தரம் நான் வீட்டு உரலில் போட்டு மாவாக இடித்தேன், நல்ல வேலை என்று நினைத்து. கந்தோர்காரர் வேண்டாம் என்றார். ஓடு உருவாவது இராவில். மாவாக இருந்தால் பகலிலேயே கரைந்து போய்விடும். நொய் அளவில் இருந்தால் இரைப்பையில் கிடந்து இரா முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இப்போது கழுவி, வெயிலில் காயவைத்து, உலக்கையால் நாலு குத்து, அரிதட்டில் அரித்து, பெரியதைத் திரும்ப உரலுக்கு. 5 கிலோ இடிக்க முக்கால் மணித்தியாலம். தோள் நோவுக்கு எந்தச் சமன்பாடும் இல்லை.

கலக்கும் ஒழுங்கும் முக்கியம். பிரிமிக்ஸ் 100 கிராமை 50 கிலோவுக்கு மேலே தூவினால் ஒரு கோழிக்கு முழுக்கப் போகும், இன்னொன்றுக்கு ஒன்றும் போகாது. பிரிமிக்ஸ், உப்பு, டி.சி.பி. மூன்றையும் முதலில் 2 கிலோ சோள மாவோடு வாளிக்குள் கையால் கலக்கிறேன். பிறகு அதை 10 கிலோ சோயாவோடு. பிறகுதான் படங்கில் மிச்சத்தோடு. சவளால் ஒரு பக்கக் குவியலை மற்றப் பக்கம் மாற்றுவது ஐந்து தரம். நாலாம் தரத்தில் மஞ்சளும் பழுப்பும் கோடு கோடாகத் தெரிந்தால் ஆறாம் தரமும்.

இந்தக் கலவையில் பதினெட்டாம் நாள் முட்டை 50 ஐத் தொட்டது. துள்ளிக் குதித்துவிட்டுச் செலவைக் கூட்டினேன். சோளம் 31 கிலோ, 140 ரூபாப்படி 4,340. சோயா 13 கிலோ, 270 ரூபாப்படி 3,510. சிப்பி ஏற்றின கூலி, டி.சி.பி., உப்பு, பிரிமிக்ஸ் எல்லாமாக 665. மில்லுக்குக் கிலோ 10 ரூபாப்படி 310. கூட்டினால் 8,825. கடை மூட்டை 8,900. என் தோளுக்கும் முதுகுக்கும் கிடைத்த கூலி 75 ரூபா.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சிரிச்சா, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் தவிட்டுக்கு வந்தேன். முத்தையன்கட்டுத் தண்ணியில் விளைந்த நெல்லை மில்லில் குத்தினால் தவிடு எங்களுக்கே வரும். தவிட்டுப் புரதம் 12 வீதம் என்று எடுத்தேன். ஆனால் இப்போது தெரியாதது மூன்று, சமன்பாடு இரண்டு. மருமகளிடம் கேட்டால், அப்படியென்றால் ஒற்றை விடை வராது, ஒன்றை நீங்கள் முடிவெடுத்து வைக்க வேணும் என்றாள். கணிதத்தில் இப்படி இடம் விடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. தவிட்டை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் கோழிக்குச் சக்தி காணாது என்பதால் 8 கிலோவில் நிறுத்தினேன். அந்த 8 கிலோவை இரண்டு வலப்பக்கத்திலும் கழிக்க வேண்டும். நிறையில் 44 போய் 36. புரதத்தில் தவிடு கொண்டுவருவது 0.96 கிலோ, எங்கள் சமன்பாட்டில் எல்லாம் 200 மடங்கு என்பதால் 192. 1700 போய் 1508.

ள + ய = 36
17ள + 90ய = 1508

73ய = 896. சோயா 12.3, சோளம் 23.7. இடப்பக்கம் ஒரு எழுத்தும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். என்ன சாமான் நிலையாக உள்ளே போனாலும் வலப்பக்கத்தை மட்டும் திருத்தினால் போதும். இது விளங்கின நாளிலிருந்து நான் மருமகளைக் கூப்பிடுவதில்லை, நானே போடுகிறேன்.

செலவு 7,541. மூட்டைக்கு 1,359 மிச்சம். அப்படியே நம்பாதீர்கள். தவிடு சேர்ந்ததும் கோழிகள் நாளுக்கு 7.2 கிலோ தின்னத் தொடங்கின, சக்தி குறைந்தால் கூடத் தின்று சரிக்கட்டும். அதைச் சேர்த்தால் நாளுக்கு 142 ரூபா மிச்சம். அதற்கும் அம்மாவிடம் பதில் இருந்தது. "தவிடு சும்மாவோ வந்தது? மாட்டுக்கு வைக்கிறதைப் பறிச்சுத்தானே கோழிக்குப் போடுறாய்." அதுவும் சரிதான். கிலோ 60 ரூபா என்று தவிட்டுக்கும் விலை போட்டேன். நாளுக்கு 73 ரூபா. மாதம் 2,200 மட்டில். கொப்பியில் இந்த எண்ணைத்தான் வைத்திருக்கிறேன்.

தவிட்டில் இன்னொரு அடியும் வாங்கினேன். ஒரு மாதத்துக்குத் தேவையானதை ஒன்றாகக் கட்டி வைத்தேன். மூன்றாம் கிழமை மூட்டையைத் திறந்தால் பழைய எண்ணெய் மணம். கோழி தீன் தட்டைக் கிளறி வெளியே தள்ளியது. தவிட்டில் இருக்கிற எண்ணெய் கெதியாகக் கெட்டுப்போகும். இப்போது கிழமைக்கு ஒரு தரம், குத்தின புதுத் தவிடு மட்டும்.

சோளத்திலும் கெட்டது. பங்குனியில் மாங்குளம் பக்கம் அறுவடைச் சோளம் கிலோ 110 க்குக் கிடைத்தது, ஆறு மூட்டை வாங்கினேன். ஈரம் பார்க்க மீற்றர் இல்லை. அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: காய்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி சோளமும் ஒரு கரண்டி காய்ந்த உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கிச் சில நிமிடம் வைத்தால், உப்புப் போத்தலில் ஒட்டினால் ஈரம், ஒட்டாமல் கீழே விழுந்தால் சேமிக்கலாம். ஒட்டியது. படங்கில் மூன்று நாள் காயவைத்தேன். 50 கிலோ மூட்டை 46 கிலோ ஆனது. 4 கிலோ தண்ணீரைச் சோள விலைக்கு வாங்கியிருக்கிறேன், உண்மை விலை கிலோ 120. அப்படியும் 140 ஐ விட மலிவு. ஆனால் ஆறாவது மூட்டையைக் காயவைக்கும் நாள் பின்னேரம் மழை இருட்டியது, நாளைக்குப் பார்ப்போம் என்று அப்படியே கட்டிக் கொட்டிலுக்குள் தள்ளினேன். பிறகு மறந்துபோனேன். திறந்தபோது நடுவில் சூடு, பச்சையும் நீலமுமாகப் பூஞ்சணம். கழுவிப் போடலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார். அந்த நஞ்சு கழுவிப் போகாது, அவித்தும் போகாது. கிடங்கு வெட்டித் தாட்டேன். 5,500 ரூபா.

இன்னொன்று, சோயா அவரையைப் பச்சையாக அரைத்துப் போட வேண்டாம். எண்ணெய் எடுத்து, சூடுகாட்டின சோயாத் தூளைத்தான் நான் சொல்கிறேன். பச்சை அவரையில் புரதம் செமிக்க விடாத ஒன்று இருக்கு.

அடுத்து மீன் தூள். முல்லைத்தீவில் கருவாட்டுக் கழிவு மலிவாக எடுக்கலாம், சோயா 270 இல் நிற்கும் என்பதற்கு ஆரும் உறுதி தரப்போவதில்லை. 3 கிலோ போட்டால் நிறையில் 36 போய் 33. இதுவரைக்கும் லேசு. புரதத்தில் எவ்வளவு கழிப்பது என்பதில்தான் நிற்கிறேன். அந்தச் சாக்கில் அச்சடித்த எண் ஒன்றும் இல்லை, கையால் அள்ளினால் கால்வாசி மணல், நாக்கில் வைத்தால் உப்பு. உப்பு 150 கிராமையும் குறைக்க வேண்டிவரும். பரிசோதனைக்கு ஒரு பொதி கட்டி கந்தோரில் கொடுத்திருக்கிறேன். கொப்பியில் 17ள + 90ய = 1508 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கழித்தல் குறியும் போட்டு, அதற்குப் பிறகு இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.